முலாம் போகாமல் அழுக்கைப் போக்குவது எப்படி? பழைய சேஃப்டி ரேசர்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

பழைய சேஃப்டி ரேசர்களைத் துலக்கி மீண்டும் பயன்படுத்துவது குறித்து வந்த கேள்விகளில், ஒரே பொருளுடையவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தாத்தா பயன்படுத்திய ரேசர் ஒன்று பழைய பெட்டியிலிருந்து கிடைத்தது. மூன்று பாகங்களாகக் கழற்றலாம். உடல் கறுத்திருக்கிறது, இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ படிந்து இறுகியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: துலக்குவதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன உலோகம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ரேசர்களில் பெரும்பாலானவை பித்தளையில் செய்யப்பட்டு, மேலே நிக்கல், வெள்ளி, தங்கம், ரோடியம் ஆகியவற்றுள் ஏதாவதொரு முலாம் பூசப்பட்டவை. அந்த முலாம் தலைமுடியின் தடிமனைவிட மெல்லியது. ஒருமுறை போய்விட்டால் வீட்டில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே, ரேசரைப் புதுப்பிப்பது என்பது அழுக்கை எடுப்பதுதானே தவிர உலோகத்தைத் தேய்த்தெடுப்பது அன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பல கேள்விகளுக்கான விடையை நீங்களே ஊகித்துவிடலாம்.

அதிகம் தேய்ந்த இடங்களை, அதாவது கைப்பிடியின் முனையையும் தலைப்பகுதியின் ஓரங்களையும், பூதக்கண்ணாடியால் பாருங்கள். மஞ்சள் நிறம் எட்டிப்பார்த்தால் உள்ளே இருப்பது பித்தளை. மங்கிய சாம்பல் நிறம் தெரிந்து, மேற்பரப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால் அது துத்தநாகக் கலவையாக இருக்கக்கூடும். எடையே இல்லாதது போலத் தோன்றும் கைப்பிடி அலுமினியம். காந்தம் வலுவாக ஒட்டிக்கொண்டால் எஃகு. துத்தநாகக் கலவைக்கும் அலுமினியத்துக்கும் அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. எனவே இந்தச் சோதனைக்குச் செலவிடும் சில நிமிடங்கள் வீண் அல்ல.

உள்ளே பழைய பிளேடு இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தால் விரலால் நெம்பாமல், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தானாக இளகியபின் எடுப்பதே நல்லது. பிறகு பாகங்களைத் தனித்தனியாக்கி, கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். நீங்கள் சொல்லும் வெள்ளைப் படிவு, கடினநீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து உண்டாக்கும் கசடு. அது வெறும் நீரில் கரையாது. திரவச் சோப்பும் இளஞ்சூடும் அதை நெகிழச் செய்யும். அதன்பின் மென்மையான டூத் பிரஷால் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். பிளேடுக்கு அடியில் வரும் தடுப்புத் தகட்டின் பற்களுக்கு நடுவிலும் கைப்பிடியின் கொத்து வேலைப்பாட்டிலும் மிஞ்சுவதை, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் சிறு பிரஷால் எடுக்கலாம். முதல் முறையிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். நீரை மாற்றி இரண்டாம் முறை ஊறவைப்பது, ஒரே முறையில் அழுத்தித் தேய்ப்பதைவிட எவ்வளவோ மேல். கறுத்த ரேசர் என்று நினைத்தவற்றில் பல, இந்த ஒரு குளியலிலேயே வெளுத்துவிடுகின்றன.

கேள்வி: கொதிநீரில் போட்டு எடுத்தால் அழுக்கும் போகும், கிருமியும் சாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தங்க முலாம் பூசிய பழைய ரேசர்கள் பலவற்றின் மேல் நிறமற்ற அரக்குப் பூச்சு ஒன்று இருக்கும்; கொதிநீரில் அது வெளுத்து, உரிந்துவிடும். பிளேடின் நீட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை ரேசர்களில் எண்களுக்குள் நிரப்பிய வண்ணமும் கழன்றுபோகும். பேக்லைட் என்ற பழைய வகைக் கடின பிளாஸ்டிக் கைப்பிடியாக இருந்தால் பளபளப்பு மங்கும். இந்த மூன்றும் இல்லாத, மூன்று பாக நிக்கல் ரேசர் ஒருவேளை தப்பிவிடலாம். ஆனால் சுடுநீரும் சோப்பும் செய்யாத எதைக் கொதிநீர் அதிகமாகச் செய்துவிடப் போகிறது? கிருமிக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கேள்வி: வினிகர், சமையல் சோடா, பிளீச்சிங் திரவம், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகிய நான்கும் வீட்டில் உள்ளன. எது நல்லது?

பதில்: நான்கில் எதையும் முதல் மருந்தாக எடுக்காதீர்கள். நான்கின் குணமும் வெவ்வேறு என்பதால் தனித்தனியே சொல்லவேண்டியிருக்கிறது.

வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். அதனால்தான் எல்லோரும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அதே அமிலம் முலாம் விட்டுப்போன இடத்தில் பித்தளைக்குள் நுழைந்து அதிலுள்ள துத்தநாகத்தை முதலில் அரித்தெடுக்கும். மிஞ்சுவது செம்பு மிகுந்த, இளஞ்சிவப்புத் திட்டு. நீண்ட நேரம் ஊறவைத்த ரேசர் சில இடங்களில் சிவந்து வெளிவருவதற்குக் காரணம் இதுதான். சோப்பு நீர் தோற்ற பிறகு, நிக்கல் முலாம் முழுதாக இருக்கும் ரேசரில் மட்டும், ஒரு பங்கு வினிகரோடு ஒரு பங்கு நீர் கலந்து, பஞ்சுக் குச்சியால் படிவின் மேல் மட்டும் தொட்டுவைத்து, ஓரிரு நிமிடங்களில் நன்கு அலசிவிடுங்கள். எலுமிச்சைச் சாறும் இதே கணக்குத்தான்.

சமையல் சோடா மென்மையானது என்ற பெயர் வாங்கியிருக்கிறது. பசையாகக் குழைத்துத் தேய்க்கும்போது அது நுண்ணிய உராய்பொருள்; நிக்கல் தாங்கும், தங்கம் தாங்காது. சலவை சோடா அதைவிடக் காரமானது. அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும்.

பிளீச்சிங் திரவத்தைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள குளோரின் சேர்மம் எஃகையும் நிக்கலையும் புள்ளி புள்ளியாகக் குடைந்துவிடும். வினிகரோடு அது கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியாவோடு கலந்தாலும் நச்சு வாயுதான்.

அம்மோனியாவைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஆவியும், உறையைச் செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் அந்த வெடிப்பை உண்டாக்கின என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. பழைய ரேசர்களின் கைப்பிடிகளில் பல, இழுத்து நீட்டிய பித்தளைக் குழாய்கள். தோட்டா உறையில் இருந்த அதே இறுக்கம் அவற்றிலும் இருக்கக்கூடும். பித்தளைப் பாலிஷ்கள் சிலவற்றிலும் அம்மோனியா கலந்திருப்பதால், லேபிளைப் படிக்காமல் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கழுவிய பிறகும் தலைப்பகுதியின் அடியில் பச்சைத் திட்டுகள் இருக்கின்றன. பழுப்பு நிறக் கறையும் உண்டு. இரண்டும் துருவா?

பதில்: பச்சையாகத் தெரிவது களிம்பு; அது பித்தளையிலுள்ள செம்பு ஈரத்தோடும் காற்றோடும் வினைபுரிந்து உண்டானது. களிம்பு இருக்கிறது என்றாலே அந்த இடத்தில் முலாம் ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். மரப் பல்குத்தியின் முனையைச் சற்றே நசுக்கி, ஒரு துளி மினரல் எண்ணெயில் தோய்த்துச் சுரண்டினால் வந்துவிடும். ஊசியும் கத்திமுனையும் வேண்டாம். திட்டு போன இடத்தில் சிறு குழியோ மஞ்சள் பொட்டோ தெரிந்தால், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பழுப்பு நிறம் பெரும்பாலும் ரேசரின் துரு அன்று. அக்காலத்து பிளேடுகள் கார்பன் எஃகில் செய்யப்பட்டவை. துருப்பிடிக்காத எஃகு பிளேடுகள் பரவலானது 1960களில்தான். ஈரத்தோடு விட்டுவைத்த பிளேடு துருவேறி, தன் கறையைத் தகட்டின் மேல் பதித்திருக்கும். கறை பிளேடின் நீள்சதுர வடிவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதுதான் காரணம். மென்பாலிஷை விரல் நுனியில் தொட்டு நாலைந்து முறை தேய்த்தால் போய்விடும்.

கேள்வி: அடியிலுள்ள குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் விரியும் வகை ரேசர் என்னுடையது. குமிழ் அசையவே மறுக்கிறது. குறடு வைத்துத் திருகிப் பார்க்கலாமா?

பதில்: குறட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். திருகிக் கெட்ட ரேசர்களில் பெரும்பாலானவை குறட்டால் கெட்டவையே. குமிழுக்குள்ளிருந்து தலைவரை செல்லும் நடுத்தண்டு மேலெழும்பும்போது கதவுகள் விரிகின்றன. அந்தத் தண்டைச் சுற்றிப் பல ஆண்டுச் சோப்பு இறுகிச் சுண்ணாம்புபோல் ஆகியிருக்கும். பலம் கொண்டு திருகினால், கதவுகளைத் தாங்கும் மெல்லிய காதுகள் வளையும். அவை வளைந்தால் இரு கதவும் ஒரே மட்டத்தில் மூடாது, பிளேடும் நேராக நிற்காது.

வெதுவெதுப்பான சோப்பு நீரில் ரேசரைத் தலைகீழாக நிறுத்தி ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் எடுத்து, குழாய்நீரை அடிப்பக்கத் துளை வழியாகச் செலுத்தினால், கதவிடுக்குகளிலிருந்து சாம்பல் நிறக் கூழ்போன்ற நீர் ஒழுகும். அது தெளியும்வரை அலசி, மீண்டும் ஊறவிடுங்கள். குமிழை அரைமயிரளவு முன்னும் பின்னுமாக மட்டும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சிறிது நகர்ந்துவிட்டால் மறுபக்கமும் நகரும், பொறுமைதான் வேண்டும். இயங்கத் தொடங்கியதும் நன்றாக உலர்த்தி, குமிழின் கழுத்திலும் கதவுக் கீல்களிலும் ஒவ்வொரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பலமுறை திறந்து மூடுங்கள். முகத்தில் படும் கருவி என்று தயங்குபவர்கள், மருந்துக்கடையில் கிடைக்கும் மணமற்ற லிக்விட் பாரஃபின் பயன்படுத்தலாம். தாவர எண்ணெய் மட்டும் வேண்டாம். அது காற்றுப்பட்டுப் பிசினாகி, பழைய சிக்கலையே திரும்பக் கொண்டுவரும். துருப்பிடித்த திருகுகளுக்குத் தெளிக்கும் ஸ்பிரே, ஈரத்தை விரட்டவும் இறுகியதை இளக்கவும் உதவும். நிலைத்து நிற்கும் மசகு அது அன்று.

கேள்வி: பாலிஷ் போட்டால் புதிதுபோல ஆகுமா? பற்பசையே போதும் என்கிறார்களே?

பதில்: பற்பசை ஓர் உராய்பொருள், ஒவ்வொரு நிறுவனத்துடையதும் எவ்வளவு சொரசொரப்பு என்று தெரியாமல் முலாத்தின் மேல் சோதித்துப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. உலோகங்களுக்கென்றே விற்கும், நுண்துகள் கொண்ட கிரீம் பாலிஷ் போதும். பருத்தித் துணியில் பட்டாணியளவு எடுத்து, அழுத்தாமல், நீளவாக்கில் தேய்த்து, துணி கறுத்ததும் நிறுத்துங்கள். துணி கறுப்பதைக் கண்டு, இன்னும் அழுக்கு வருகிறது என்று மேலும் மேலும் தேய்ப்பவர்கள் உண்டு. சுத்தமான உலோகத்தைத் தேய்த்தாலும் துணி கறுக்கத்தான் செய்யும், ஏனெனில் வருவது அழுக்கு அன்று, முலாம்.

நிக்கலுக்கு இது பொருந்தும். தங்கத்துக்குப் பாலிஷே வேண்டாம். தங்கம் கறுப்பதில்லை, கறுத்ததுபோலத் தெரிவது மேலே படிந்த அழுக்கு, அல்லது நிறம் மாறிய அரக்குப் பூச்சு. சோப்பு நீரும் மென்துணியும் கொடுக்கும் பொலிவோடு திருப்தி அடையுங்கள்.

கேள்வி: பழைய பொருள் கடையில் வாங்கிய ரேசர். முன்பு யார் பயன்படுத்தினார்களோ தெரியாது. நோய் தொற்றுமா? துரு இருந்தால் டெட்டனஸ் வருமா?

பதில்: ரத்தம் படக்கூடிய கருவி என்பதால் உங்கள் அச்சம் நியாயமானதே. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பின் மேல் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்த ரேசரில் அந்த ஆபத்து சிறிது. அண்மைவரை யாரோ பயன்படுத்தியதா என்பது தெரியாத ரேசரை அப்படி நம்பக் கூடாது. டெட்டனஸ் துருவிலிருந்து பிறப்பதன்று. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் காயத்துக்குள் போவதால் வருவது.

வரிசை முக்கியம்: முதலில் கழுவுதல், பிறகே கிருமிநீக்கம். சோப்புக் கசடுக்கு அடியில் இருப்பதை எந்த மருந்தும் தொடாது. கழுவி உலர்த்திய ரேசரைப் பாகம் பாகமாக்கி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முழுவதும் மூழ்கும்படி 10 நிமிடம் வையுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்டது இன்னும் வலுவானது என்று எண்ண வேண்டாம்; கிருமியின் புரதத்தைக் கெடுக்க ஆல்கஹாலுக்குக் கொஞ்சம் நீரும் வேண்டும், நீர் குறைந்தால் அது விரைவில் ஆவியாகியும் விடும். அடுப்போ விளக்கோ எரியும் அறையில் இதைச் செய்யக் கூடாது. அரக்குப் பூச்சையும் எண்களின் வண்ணத்தையும் ஆல்கஹால் கரைக்கக்கூடும் என்பதால், அத்தகைய ரேசர்களுக்கு முடிதிருத்தும் நிலையங்களில் சீப்பும் கத்தரிக்கோலும் ஊறவைக்கும் நீல நிறத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். லேபிளில் உள்ள அளவுப்படி நீர் கலந்து, அதில் சொன்ன நேரம் மட்டும் வைத்து, அலசி உலர்த்துங்கள். ரேசருக்கு எவ்வளவு கிருமிநீக்கம் செய்தாலும், அதோடு வந்த பழைய பிளேடுகளை முகத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: என் ரேசரில் 1904 நவம்பர் 15 என்று பொறித்திருக்கிறது. அவ்வளவு பழையதா? இன்றைய பிளேடு இதில் பொருந்துமா?

பதில்: அது, பிளேடை மாற்றிப் போடும் சேஃப்டி ரேசரை உருவாக்கிய கிங் கேம்ப் கில்லட் என்பவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட நாள், உங்கள் ரேசர் பிறந்த நாள் அன்று. அந்தத் தேதியைப் பின்னாளில் செய்த ரேசர்களிலும் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். 1904 ரேசர் என்று சொல்லி விற்பவர்களிடம் ஏமாறாமலிருக்க இதுவே போதும். தொடக்கக்கால ரேசர்களில் இருக்கும் வரிசை எண், காலத்தைக் கணிக்க ஓரளவு உதவும். அமெரிக்காவில் செய்த கில்லட் ரேசர்களில் 1951 முதல் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் தலைப்பகுதியின் அடியில் இருக்கும். எழுத்து ஆண்டையும், எண் அந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதையும் குறிக்கும். 1955க்கு ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்தான ‘A’; ஐந்தாம் எழுத்தான ‘E’யும் 2 என்ற எண்ணும் இருந்தால், 1959இன் இரண்டாம் காலாண்டு.

இருமுனை பிளேடு இன்றும் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்ற அளவில்தான் வருகிறது. மூன்று துளைகளுக்குப் பதில் நடுவில் நீண்ட பிளவு இருப்பதால், பழைய ரேசரின் மூன்று முளைகளிலும் அது சரியாக உட்காரும். ஒருமுனை பிளேடு போடும் ஜெம் வகைக்கும், பக்கவாட்டில் பிளேடைச் செலுத்தும் ஷிக் இஞ்செக்டர் வகைக்கும் தனி பிளேடுகள் வேண்டும்.

கேள்வி: பிளேடைப் பூட்டினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரேசர் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் பூட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். கைப்பிடியைக் கால் சுற்றுத் தளர்த்தி, பிளேடின் கூரற்ற இரு குறு ஓரங்களையும் விரல்களால் பிடித்து நடுப்படுத்தியபடியே இறுக்குங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால், தடுப்புத் தகட்டைக் கண்ணாடிப் பரப்பின் மேல் பற்கள் கீழ்நோக்க வைத்துப் பாருங்கள்: கீழே விழுந்த ரேசரில் ஓரிரு பற்கள் தனியே தூக்கிக்கொண்டோ தாழ்ந்தோ நிற்பது தெரியும். மரக்குச்சியால் சிறிது சிறிதாக அழுத்தி நேராக்கலாம். ஆனால் பித்தளை ஒருமுறை வளைந்து நிமிர்வதைத் தாங்கும், அங்குமிங்குமாகப் பலமுறை வளைத்தால் ஒடியும்.

கைப்பிடியில் நீளவாக்கில் மயிரிழைபோல் வெடிப்பு இருந்தால், மேலே சொன்ன தோட்டா உறையின் கதைதான். உள்ளே பொருந்தும் அளவுள்ள பித்தளைத் தண்டை எபாக்சி பசையால் ஒட்டி நிறுத்தினால் மேலும் விரியாது. வெளியே சாலிடர் வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் முலாம் நிறம் மாறும்.

கேள்வி: முலாம் பெரும்பாலும் போய்விட்டது. புதிதாகப் பூசிவிடலாமா? விலை கூடுமா?

பதில்: விற்பதற்காக என்றால் யோசியுங்கள், தேய்ந்தாலும் பழைய முலாத்தோடு இருப்பதையே சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள், அரிய ரேசர்களில் புது முலாம் மதிப்பைக் குறைத்துவிடுவதும் உண்டு. தினமும் முகம் மழிக்க என்றால் தாராளமாகச் செய்யலாம். நிக்கல் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும். அவர்களுக்கு ரோடியம் பொருத்தமானது. வேலையைத் தொழில்முறை முலாம் பூசுபவரிடமே கொடுங்கள், ஏனெனில் சில முலாம் குளியல்களில் சயனைடு உப்புகள் பயன்படுகின்றன. வீட்டுக் குளியலறையில் பார்க்கும் வேலை அன்று இது. கொடுக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்: பழைய முலாத்தை எப்படி அகற்றுவார், மெருகேற்றும் சக்கரத்தில் எவ்வளவு தேய்ப்பார்? கைப்பிடியின் கொத்து வேலைப்பாடும் எழுத்துப் பொறிப்பும் வழுவழுப்பாகிப் போவது முலாம் குளியலில் அன்று, அதற்கு முந்தைய சக்கரத்தில்தான்.

கேள்வி: சுத்தம் செய்த ரேசரை அதன் பழைய பெட்டியிலேயே வைக்கலாமா?

பதில்: காட்சிக்கு வைப்பதானால் சரி, தினமும் பயன்படுத்துவதானால் வேண்டாம். உள்ளிருக்கும் வெல்வெட் துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, முலாமிழந்த இடங்களில் களிம்பை வளர்க்கும். மழித்து முடித்ததும் அலசி, உதறி, கதவுகளைத் திறந்தபடி காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவையுங்கள். பெட்டி செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்ததாக இருந்து, திறந்ததும் கற்பூர நெடி வந்து, பரப்பு விரிசல் விட்டிருந்தால், ரேசரை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். சிதையும் செல்லுலாய்டிலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். அந்தப் பெட்டியை மூடிய அலமாரியில் வேறு உலோகப் பொருள்களோடும், தீயருகிலும் வைக்கக் கூடாது.